எந்த ஆடு?

போன ஆண்டு நம் ஆய்வகத்தில் 31 பேருடைய கோப்புகள் ஒரே இரவில் காணாமல் போயினவே, நினைவிருக்கிறதா? கரண்ட் போய்விட்டது என்றார்கள். ஹார்டு டிஸ்க் பழசு என்றார்கள். யாரோ பென்டிரைவில் வைரஸ் கொண்டுவந்துவிட்டான் என்றுகூடச் சொன்னார்கள். அந்தப் பேச்சிலெல்லாம் நானும் கூடநின்று 'ஆமா, ஆமா' என்று தலையாட்டியிருக்கிறேன். அந்தக் காரியத்தைச் செய்தவன் நான்தான்.

மலருக்குக் கட்டுரை கேட்டபோது, நட்பைப் பற்றியோ தன்னம்பிக்கையைப் பற்றியோ நாலு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. இதைச் சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் பொய்யாக இருக்கும் என்று பட்டது. ஆகவே எழுதுகிறேன். நடுவில் கொஞ்சம் கம்ப்யூட்டர் சமாச்சாரம் வரும். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்காக ஆட்டுச் சமாச்சாரமும் இருக்கிறது.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. அப்பா கிடை போடுகிறவர். அறுவடை முடிந்த வயல்களில் இரவில் ஆடுகளை அடைத்து வைத்தால் அந்தப் புழுக்கையும் மூத்திரமும் மண்ணுக்கு உரம். வயல்காரர் அதற்குக் கூலி தருவார். ஒரே கிடையில் நாலைந்து பேருடைய ஆடுகள் கலந்து கிடக்கும். யாருடையது எது என்று தெரிய முதுகில் சாயம் வைப்பார்கள், காதிலும் வெட்டுக்குறி போடுவார்கள். அப்பா கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான்.

ஏழாம் வகுப்பில் தமிழ் அய்யா கரும்பலகையில் 'ஆடு' என்று எழுதி, "இது என்ன சொல்?" என்று கேட்டார். நான் துள்ளி எழுந்து, "ஆட்டுக்குட்டியோட அம்மா அய்யா" என்றேன். வகுப்பே சிரித்தது. அய்யா சிரிக்கவில்லை. "ஆடு மேய்கிறது என்றால் அது பெயர்ச்சொல். நீ மேடையில் ஆடு என்றால் வினைச்சொல். ஆடு மயில் என்றால் வினைத்தொகை. சொல்லை மட்டும் பார்த்தால் தெரியாது தம்பி. அது எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்லு" என்றார். அன்று எனக்கு அவமானம்தான் பெரிதாகத் தெரிந்தது. அந்தப் பாடம் இத்தனை வருஷம் கழித்து ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் வந்து நிற்கும் என்று யார் கண்டது!

நண்பர்களே, தமிழ் வழியில் படித்துவிட்டுப் பாலிடெக்னிக் வந்த முதல் மாதம் எப்படியிருக்கும் என்று உங்களில் பாதிப்பேருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. லினக்ஸ் ஆய்வகத்தில் கறுப்புத் திரை. அதில் ஆங்கிலமும் இல்லாமல் வேறெதுவும் இல்லாமல் ஒரு பாஷை. 'இஃப்' என்று தொடங்கினால் அதைத் திருப்பிப் போட்டு 'ஃபை' என்று முடிக்க வேண்டும். 'கேஸ்' என்று தொடங்கினால் 'எசாக்'. ஆனால் 'டூ' என்று தொடங்கினால் மட்டும் 'ஓடி' இல்லை, 'டன்'. ஏன் என்று சார் சொன்னார். 1979இல் யூனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வந்த ஷெல்லை எழுதியவர் ஸ்டீபன் பார்ன். ஆல்கால் 68 என்ற மொழியின் வழக்கப்படி எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். 'ஓடி' என்ற பெயரில் மட்டும் யூனிக்ஸில் ஏற்கனவே ஒரு கட்டளை இருந்தது. அதனால் 'டன்' என்று வைத்தாராம். 1989இல் பிரையன் ஃபாக்ஸ் எழுதி வெளிவந்த பாஷ், நாம் ஆய்வகத்தில் பயன்படுத்துவது, அதே வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது.

எனக்கு அந்தக் காட்டில் வழிகாட்டியாக இருந்தவை நிறங்கள். ஆய்வகத்தில் இருந்த சின்ன எடிட்டரில் 'இஃப்', 'டன்' எல்லாம் நீலம், மேற்கோளுக்குள் இருப்பது பச்சை, குறிப்புரை சாம்பல். ஆங்கிலம் சரளமாகத் தெரிந்த பையன்கள் வாசித்துப் புரிந்துகொண்டார்கள். நான் நிறத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். நீலம் வரவில்லையென்றால் எழுத்துப்பிழை, பச்சை நிற்கவில்லையென்றால் மேற்கோளை மூடவில்லை. இப்படியே முதல் பருவத்தை ஓட்டினேன்.

கொஞ்ச நாளில் அந்த எடிட்டர் பொய் சொல்கிறது என்று தெரிந்தது. 'எக்கோ டன்' என்று ஒரு வரி எழுதினேன். வேலை முடிந்தது என்று திரையில் காட்டுவதற்காக. அந்த 'டன்' வெறும் சொல், அச்சிட வேண்டிய செய்தி. ஆனால் எடிட்டர் அதற்கும் நீலம் பூசியது. பாஷைப் பொறுத்தவரை, ஒரு கட்டளையின் தொடக்கத்தில் நின்றால்தான் 'டன்' என்பதற்கு அதிகாரம். 'எக்கோ'வுக்குப் பின்னால் வந்தால் அது சாதாரணச் சொல். அந்த எடிட்டரிடம் இருந்ததோ ஒரு சொற்பட்டியலும் சில எழுத்து வடிவங்களும். பட்டியலில் உள்ள சொல்லை எங்கே கண்டாலும் பூசிவிடும். ஏழாம் வகுப்பில் நான் செய்ததைத்தான் அதுவும் செய்தது!

அது சின்னப் பொய். பெரிய பொய் இனிமேல்தான்.

உபுண்டு 24.04 போடுவதற்காக எல்லா இயந்திரங்களையும் துடைக்கப் போகிறார்கள் என்று அறிவிப்பு வந்தது. அதற்கு முந்தின நாள் எல்லாருடைய கோப்புகளையும் சர்வரில் நகலெடுத்து வைக்க வேண்டும். ஆய்வக உதவியாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, நீ ஸ்கிரிப்ட் நல்லா எழுதுவியாமே. இத நீயே பண்ணிரு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய வேலையை என்னை நம்பிக் கொடுத்த முதல் ஆள் அவர்.

இருபது வரிதான். முதலில் பார்ப்பவர்களுக்கு ஒரு அறிவிப்பு, அடுத்து சர்வரில் கிடக்கும் பழைய நகலை அழிப்பது, பிறகு புதிதாக நகலெடுப்பது. அறிவிப்பை 'ஹியர்-டாக்' முறையில் எழுதினேன். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு சிறுகுறிக்குப் பின் நாமே ஒரு முடிவுச்சொல்லை வைத்துவிட்டு, அந்தச் சொல் தனி வரியில் வரும்வரை எதை வேண்டுமானாலும் அப்படியே எழுதிக்கொள்ளும் வசதி அது. அதற்குள் மேற்கோள்குறி வந்தால் பாஷ் அதைச் சாதாரண எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். நான் எழுதிய அறிவிப்பில் 'சுவிட்சை அணைக்க வேண்டாம்' என்ற பொருளில் 'டோன்ட்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. 'டோன்ட்' என்றால் நடுவில் ஒரு ஒற்றை மேற்கோள். அவ்வளவுதான்! எடிட்டர் அதை மேற்கோளின் தொடக்கம் என்று நினைத்து அங்கிருந்து கடைசி வரிவரை பச்சையாக அடித்துவிட்டது. இது பொய்ப்பச்சை என்று எனக்குத் தெரியும். இதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். 'கிடக்கட்டும்' என்று விட்டுவிட்டேன்.

அந்தப் பச்சைக்குள்தான் உண்மையான தவறு ஒளிந்திருந்தது. நகலெடுக்கும் வரியில் ஒரு இரட்டை மேற்கோளைத் திறந்தவன் மூடவில்லை. மற்ற நாளாயிருந்தால் அந்த இடத்தில் நிறம் மாறி என்னைக் காப்பாற்றியிருக்கும். அன்று ஏற்கனவே எல்லாம் பச்சை. பச்சைக்குள் பச்சை எப்படித் தெரியும்?

இன்னொன்றும் அப்போது எனக்குத் தெரியாது. சி நிரலில் தவறு இருந்தால் கம்பைலர் முழுவதையும் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடும். பாஷ் அப்படியில்லை. ஒவ்வொரு கட்டளையாக வாசித்து அப்போதைக்கப்போதே செய்துகொண்டே போகும். இரவு பத்து மணிக்குத் தானாக ஓடும்படி வைத்துவிட்டு விடுதிக்குப் போனேன். அறிவிப்பு வந்தது. பழைய நகல் அழிந்தது. அடுத்த வரியில் மூடாத மேற்கோளைத் தேடிக்கொண்டு கோப்பின் கடைசிவரை போய், கிடைக்காமல், பிழை என்று சொல்லி நின்றுவிட்டது. அந்தப் பிழைச்செய்தியைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. காலை ஒன்பது மணிக்கு இயந்திரங்களைத் துடைக்கத் தொடங்கினார்கள்.

26 பேர் ரெக்கார்டு நோட்டில் பிரிண்ட் ஒட்டி வைத்திருந்தார்கள். திரும்ப அடித்துக்கொண்டார்கள். 5 பேருக்கு எதுவுமே இல்லை. துறைத்தலைவர் அறையில் அந்த அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். "ஸ்கிரிப்ட யாரு எழுதுனது?" என்று உள்ளே கேட்டிருப்பார்கள். என் பெயரை அவர் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து நானே அவரிடம் போய், "அண்ணே, மேற்கோள மூடாம விட்டுட்டேன்ணே" என்று அழுதேன். "தெரியும்டா. அன்னைக்கே தெறந்து பாத்துட்டேன். முதல்ல அந்த அஞ்சு பேருக்கு அடிச்சுக் குடு, போ" என்றார். நாலு பேருக்கு அடித்துக் கொடுத்தேன். எதற்கு இவன் இவ்வளவு உதவுகிறான் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். காரணம் இதுதான், மன்னியுங்கள். ஐந்தாமவன் என் அறைத்தோழன். "விட்றா, நான் பாத்துக்கிறேன்" என்று இரண்டு ராத்திரி கண்விழித்து அவனே அடித்தான். அவனுக்கு இன்றுதான் தெரியும்.

இதற்குப் பின்தான் எடிட்டருக்கு இலக்கணம் கற்பிக்க முடியுமா என்று தேட ஆரம்பித்தேன். முடியும் என்று தெரிந்தது. அதற்குப் பெயர் பார்சர். சொற்பட்டியலை வைத்துப் பூசாமல், முழுக் கோப்பையும் வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, எழுவாய் எது பயனிலை எது என்று பார்ப்பதுபோல் ஒரு மரம் கட்டி, அந்த மரத்தில் சொல் நிற்கும் கிளையைப் பார்த்து நிறம் பூசுவது. ட்ரீ-சிட்டர் என்ற நூலகம் இதைச் செய்கிறது. கிட்ஹப்பில் மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் என்பவர் ஆட்டம் என்ற எடிட்டருக்காக உருவாக்கியது. ஆட்டத்தை 2022 டிசம்பரில் மூடிவிட்டார்கள். ஆனால் ட்ரீ-சிட்டர் பிழைத்துக்கொண்டது. 2021இல் நியோவிம் 0.5இல் நுழைந்தது, 2023 ஜூலையில் வெளியான ஈமேக்ஸ் 29.1இலும் நுழைந்தது.

நல்லவேளையாக உபுண்டு 24.04இல் கிடைப்பது ஈமேக்ஸ் 29.3. ஆனால் ஈமேக்ஸில் இருப்பது நூலகம் மட்டும், பாஷின் இலக்கணத்தை நாம்தான் கொண்டுவர வேண்டும். அந்த இலக்கணத்தை ஜாவாஸ்கிரிப்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து சி மொழியில் ஒரு பார்சர் உருவாகிறது. அதைக் கம்பைல் செய்து ஈமேக்ஸ் தேடும் அடைவில் போட்டால் போதும். ஈமேக்ஸிலேயே இதற்கு ஒரு கட்டளை உண்டு. எல்லாம் சுலபம் என்று நினைத்துத் தட்டினேன். கம்பைல் ஆனது. திறந்தால், பதிப்பு பொருந்தவில்லை, 15 என்று ஒரு செய்தி! இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. இலக்கணத்துக்கும் நூலகத்துக்கும் இடையே ஒரு ஒப்பந்த எண் இருக்கிறது. நான் இறக்கிய புதிய இலக்கணம் 15, ஆய்வக இயந்திரத்தின் நூலகத்துக்குத் தெரிந்தது 14 வரை. அமைப்புக் கோப்பில் இலக்கணத்தின் பழைய வெளியீட்டைக் குறிப்பிட்டு மறுபடி கம்பைல் செய்ததும் சரியானது. உங்களில் யாராவது முயன்றால் இந்த இரண்டு நாளை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு, ஷெல் கோப்புகளைப் பழைய முறையில் திறக்காமல் பார்சர் முறையில் திற என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்க்க வேண்டும். சேர்த்தேன். ஈமேக்ஸில் மரத்தைப் பக்கத்துச் சாளரத்தில் காட்டும் வசதியும் இருக்கிறது. முதல் வேலையாக அந்த 'எக்கோ டன்' வரியை அடித்துப் பார்த்தேன். மரத்தில் 'கட்டளை' என்று ஒரு கிளை. அதன் கீழ் 'கட்டளைப்பெயர்' என்ற கிளையில் 'எக்கோ'. பக்கத்தில் 'சொல்' என்ற கிளையில் 'டன்'. நீலம் இல்லை! கீழே ஒரு 'ஃபார்' சுற்றை எழுதி முடிவில் 'டன்' போட்டேன். அது மட்டும் நீலமானது. ஒரே சொல், இரண்டு இடம், இரண்டு நிறம். எனக்கு உடனே தமிழ் அய்யா ஞாபகம்தான் வந்தது. ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்ச் நண்பர்கள் 'இவனுக்கு முத்திப்போச்சு' என்றார்கள்.

ஹியர்-டாக்கையும் சோதித்தேன். முடிவுச்சொல் எது என்பதை எழுதுபவனே தீர்மானிப்பதால், வெறும் இலக்கண விதியால் அதைப் பிடிக்க முடியாதாம். அதற்கென்று தனியாகச் சி மொழியில் ஒரு துண்டை எழுதி இலக்கணத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அது முடிவுச்சொல்லை ஞாபகம் வைத்துக்கொண்டு தேடுகிறது. என் 'டோன்ட்' அறிவிப்பை அப்படியே ஒட்டினேன். அறிவிப்பு முடிந்த வரியோடு பச்சை நின்றது.

ஒன்று மட்டும் குறையாகப் பட்டது. பார்சர் தவறைக் கண்டாலும் முரண்டுபிடித்து நிற்பதில்லை. நாம் தட்டிக்கொண்டிருக்கும்போது பாதி வாக்கியம்தானே இருக்கும்? அதனால் புரியாத துண்டை 'பிழை' என்ற கிளையில் ஒதுக்கிவிட்டு மிச்சத்துக்கு மரம் கட்டுகிறது. ஒவ்வொரு எழுத்துக்கும் முழுமரத்தை வெட்டி நடுவதும் இல்லை, மாறாத கிளைகளை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆனால் நான் பார்த்தவரை அந்தப் பிழைக்கிளைக்கு ஈமேக்ஸின் பாஷ் முறையில் நிறம் எதுவும் வைத்திருக்கவில்லை. அதற்கு நானே ஒரு விதி எழுதினேன். பிழை என்ற கிளையைக் கண்டால் எச்சரிக்கை நிறம் பூசு, அதுதான் பொருள். லிஸ்ப் மொழியில் நாலே வரி, அடைப்புக்குறிகளை எண்ணி எண்ணி எழுதினேன். பின் அந்த இருபது வரி ஸ்கிரிப்டைத் திறந்தேன். அதை நான் அழிக்கவே இல்லை. நகலெடுக்கும் வரிக்குப் பக்கத்திலேயே சிவப்பு வந்தது. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு இவ்வளவு பாடா? பாஷ்லயே 'மைனஸ் என்' போட்டா ஓட்டாமலே பிழையக் காட்டிடுமே. ஷெல்செக் வேற இருக்கு" என்று அறைத்தோழன் கேட்டான். சரியான கேள்வி. இரண்டையும் இப்போது நான் விடாமல் செய்கிறேன். அன்றைக்கு 'மைனஸ் என்' ஒருமுறை போட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. ஆனால் அவையெல்லாம் எழுதி முடித்து, சோதிக்க வேண்டும் என்று தோன்றிய பிறகு செய்பவை. எனக்கு அன்று தோன்றவே இல்லையே! நிறமோ தட்டும்போதே கண்முன் நிற்கிறது. ஆங்கிலத்தில் வரும் பிழைச்செய்தியை மூன்றுமுறை வாசிக்க வேண்டிய என்னைப் போன்றவனுக்கு அது ஒரு துணை.

பார்சரைத் தெய்வமாக்கவும் வேண்டாம். சில நேரம் சிவப்பு தவறு நடந்த இடத்தில் வராமல் பத்து வரி தள்ளி வரும். திறந்த மேற்கோள் ஒன்று, அடுத்த வரியில் இருக்கும் வேறொரு மேற்கோளோடு ஜோடி சேர்ந்துவிட்டால் உள்ளும் வெளியும் தலைகீழாகிவிடும். அதுபோக, இலக்கணம் சரியாக இருந்தால் பார்சருக்குப் போதும். அழிக்கச் சொல்லும் கட்டளைக்குப் பின்னால் நிற்கும் மாறியில் ஒன்றுமே இல்லையென்றாலும் அழகாக நிறம் பூசிக் காட்டும். மரம் சரி, வினை விபரீதம்!

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் செல்போனில் படமெடுத்த திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கோப்பு போனதையும் சொன்னேன். பாதிதான் அவருக்குப் புரிந்திருக்கும். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "சாயத்தப் பாத்து மட்டும் நம்ம ஆடுன்னு ஓட்டிட்டு வந்துராத அப்பு. ஒரு மழை பேஞ்சா சாயம் போயிரும். காதப் பாக்கணும்" என்றார். பிறகு, "அந்தத் தம்பிக்கு வேலைக்கு ஒண்ணும் பங்கமில்லையே?" என்று கேட்டார். ஆய்வக அண்ணனைத்தான் கேட்டார். "இல்லப்பா" என்றேன். "அவர்கிட்ட அன்னைக்கே போயி நின்னுருக்கணும் நீ" என்று சொல்லிவிட்டுக் கிடைக்குக் கிளம்பினார்.

துறைத்தலைவரிடம் போன வாரம் போய்ச் சொல்லிவிட்டேன். ஆய்வக அண்ணனிடமும் இந்தக் கட்டுரையைக் காட்டி அனுமதி வாங்கினேன். "என் பேரப் போட்றாதடா" என்றார். போடவில்லை.

இப்போது ஆய்வகத்தில் 12 இயந்திரங்களில் இந்த அமைப்பு இருக்கிறது. இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவன், "அண்ணே, மேற்கோள் தெறந்த ஒடனே செவப்பா வருதுண்ணே, மூடுறதுக்குள்ள பயமுறுத்துது" என்கிறான். அவன் சொல்வதும் நியாயம்தான். தட்டுவதை நிறுத்தி ஒரு நொடி கழித்துச் சிவப்பு வரும்படி செய்ய முடியுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்னும் கைகூடவில்லை. அமைப்புக் கோப்பு ஜன்னலோர வரிசையில் நாலாவது இயந்திரத்தில் இருக்கிறது. பழைய வெளியீட்டைக் குறிப்பிடும் வரியை மட்டும் அழித்துவிடாமல் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே அந்த இருபது வரி ஸ்கிரிப்டும் இருக்கும். திறந்து பாருங்கள், ஓட்டிவிடாதீர்கள்!